கண்ணால் படித்தேன், காதால் தோற்றேன்: ஹாம் ரேடியோ தேர்வு எழுதிய அனுபவம்

2018 நவம்பர் 15-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு அப்பாவிடம் பேசினேன். "காத்து கொஞ்சம் எழும்பியிருக்கு, அவ்ளோதான். நீ தூங்கு" என்றார். அவரும் அம்மாவும் திருத்துறைப்பூண்டியில், நான் தஞ்சாவூரில். விடிவதற்குள் கஜா புயல் கரையைக் கடந்துவிட்டது. அப்புறம் இரண்டரை நாள் அந்த எண்ணுக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. டவர் இல்லை, கரண்ட் இல்லை, ரோடு முழுக்க மரம். மூன்றாம் நாள் மதியம் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, விழுந்து கிடந்த தென்னையின் மேல் உட்கார்ந்து அப்பா இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். "இந்தா குடி" என்று ஒன்றை நீட்டினார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். பி.காம். இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன். எங்கள் அலுவலகத்துக்கு வருமான வரி தாக்கல் செய்ய வரும் பெரியவர் ஒருவர், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஹாம், அதாவது அரசு உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். புயல் பேச்சு வந்தபோது அவர் 2004-ஐச் சொன்னார். அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவருடைய குழுவும், அந்தமானில் இருந்து உலகத்தோடு பேசிப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு போர்ட் பிளேரில் நிலையம் போட்டிருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்குக்காகப் போட்ட நிலையம் அன்றைக்கே செய்தி அனுப்பும் நிலையமாக மாறிவிட்டது. "அவங்க அங்க இருந்தாங்க தம்பி. ரேடியோ மட்டும் இருந்திருந்தா பத்தாது" என்றார். அந்த வாக்கியத்தின் அர்த்தம் எனக்குப் பிடிபட நான்கு வருடம் ஆனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியாவில் அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ இயக்க மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். குறைந்தபட்ச வயது 12, படிப்புத் தகுதி கேட்பதில்லை. நான் எழுதிய காலத்தில் இரண்டு தரம் இருந்தது: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். இரண்டிலும் ரேடியோ பாடம் ஒரு பகுதி, விதிமுறை ஒரு பகுதி. ஜெனரலுக்கு மட்டும் கூடுதலாக மோர்ஸ், அதாவது எழுத்துகளைக் குட்டையும் நீளமுமான சத்தங்களாக அனுப்பும் தந்தி முறை, நிமிடத்துக்கு 8 சொல் வேகம். ரெஸ்ட்ரிக்டட் தேறியவருக்கு விக்டர் யூனிஃபார்ம் த்ரீ (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது காற்றில் அவருடைய பெயர்; ஜெனரலுக்கு விக்டர் யூனிஃபார்ம் டூ (VU2). நான் நேராக ஜெனரலுக்கே விண்ணப்பித்தேன். பெரியவர் வேண்டாம் என்றார். கேட்டிருக்கலாம். மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட்டை முதலில் முடித்துக் கையில் வைத்துக்கொண்டு, காற்றில் பேசிப் பழகிக்கொண்டே ஜெனரலுக்குப் படிப்பதுதான் சமத்து.

முதல் மூன்று மாதம் நான் படித்தது சி.ஏ. இன்டர் தேர்வுக்குப் படிப்பதைப் போல. கேள்விகளைத் திரட்டி அச்செடுத்து, விடையை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, இரவு பதினொரு மணிவரை மனப்பாடம். ஓம் விதி, சூப்பர்ஹெட் ரிசீவரின் இடைநிலை அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ், அயனி மண்டலத்தில் டி, ஈ, எஃப் அடுக்குகள். எல்லாம் வாயில் வந்தது. ஒரு கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் ஒன்றும் வராது. பெரியவர் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார்: "455-னா, 7100 கிலோஹெர்ட்ஸ் கேக்கும்போது எந்த அலைவரிசை கூடவே உள்ள நுழையும்?" முழித்தேன். இந்த வகை ரிசீவர், வரும் அலையைத் தனக்குள் ஆசிலேட்டர் உண்டாக்கும் இன்னோர் அலையோடு கலந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 455 ஆக இருப்பதைத்தான் பிடிக்கும். அந்த ஆசிலேட்டர் 7100-க்கு மேல் 455 தள்ளி, 7555-ல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே இன்னொரு 455 தள்ளி 8010-ல் யாராவது இருந்தால், அவருக்கும் வித்தியாசம் அதே 455தான். ரிசீவருக்கு இருவரும் ஒன்று. இமேஜ் என்பது இதுதான். ஐந்தொகை இரண்டு பக்கமும் சமமாக நின்றுவிட்டால் உள்ளே தவறே இல்லை என்று அர்த்தமா? எங்கள் தொழிலிலும் இப்படி ஆள் மாறி உட்கார்ந்த பதிவுகள் உண்டு. இப்படி எனக்குத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்ட பிறகு அது மறக்கவே இல்லை.

சக்தி எத்தனை மடங்கு என்று சொல்லும் டெசிபலும் அப்படித்தான். 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வழி. 50 வாட்டை 100 ஆக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் ரேடியோவில் சிக்னலின் பலம் காட்டும் மீட்டரில் ஒரு புள்ளி (எஸ் புள்ளி என்பார்கள்) ஏற 6 டெசிபல் வேண்டும். அதாவது அரைப் புள்ளி. ஆன்டெனாக் கம்பியை ஒழுங்காக உயரே கட்டுங்கள், காசை வீணாக்காதீர்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

பாடத்தைக் கைக்குக் கொண்டுவந்தது ஒரு சின்ன சாதனம். மோர்ஸ் பழக டோன் எழுப்பும் ஆசிலேட்டர் ஒன்றைச் செய்துகொள்ளச் சொன்னார் பெரியவர். 555 என்ற எட்டுக்கால் ஐசி, 1 கே ரெசிஸ்டர், 100 கே ரெசிஸ்டர், 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி, குட்டி ஸ்பீக்கர். வெண்ணாற்றங்கரைப் பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் கடையில் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு சால்டர் வைத்தேன். பேட்டரியை மாட்டினால் சங்கீதமாக வர வேண்டியது, மழைக்காலத் தவளை மாதிரி "டர்ர்ர்" என்றது. இரண்டு மணி நேரம் எதை எதையோ பிரித்துப் பார்த்தேன். கடைசியில் போனில் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில்: "கெப்பாசிட்டர்ல என்ன எழுதியிருக்கு?"

104 என்று எழுதியிருந்தது. 103 இருந்திருக்க வேண்டும். கடைசி இலக்கம் எத்தனை சைபர் என்று சொல்கிறது. 103 என்றால் 0.01, 104 என்றால் 0.1. பத்து மடங்கு தவறு. அப்போதுதான் மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்த சூத்திரத்தை எடுத்துக் கால்குலேட்டரில் போட்டேன். 1.44-ஐ, 1 கே ரெசிஸ்டரும் 100 கே ரெசிஸ்டரின் இரண்டு மடங்கும் சேர்ந்ததால் வகுத்து, கெப்பாசிட்டராலும் வகுத்தால் 716 ஹெர்ட்ஸ். நான் போட்டிருந்த கெப்பாசிட்டருக்கு 72 ஹெர்ட்ஸ்கூட இல்லை. தவளைதான். கெப்பாசிட்டரை மாற்றியதும் பீ என்று தெளிவாக ஒரு சத்தம். சூத்திரம் ஒன்று சத்தம் போட்டதை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கேட்டேன். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் அலைவரிசை குறையும் என்ற கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் அதற்கப்புறம் தப்பவிட்டதில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: எதையாவது ஒன்றைச் சால்டர் வைத்துச் செய்யுங்கள். முதல் தடவை அது வேலை செய்யாமல் போனால் இன்னும் நல்லது.

விதிமுறைப் பகுதியை எல்லாரும் லேசு என்பார்கள். எனக்கு கியூ கோட் பட்டியல்தான் எமன், கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள். கியூஆர்எம், கியூஆர்என், கியூஎஸ்பி, கியூஎஸ்ஒய் என்று வரிசையாக நெட்டுருப் போடுவேன், காலையில் பாதி காணாமல் போயிருக்கும். ஹாம்கள் பேசும் சிங்கிள் சைட்பேண்ட் என்ற முறையைப் பிடிக்கும் ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றைப் பெரியவர் கடன் கொடுத்தார். சாதாரண ரேடியோவில் ஹாம்கள் பேசுவது வாத்துக் கூட்டம் சண்டை போடுவது மாதிரி கேட்கும். இதில் ஒரு குமிழியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் வாத்து மெல்ல மனிதனாகும். காலை வேளையில் 7 மெகாஹெர்ட்சில் நெட் நடக்கும். ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பெங்களூர், ஹைதராபாத், கோயம்புத்தூர் எல்லாம் ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். பக்கத்து வீட்டு எல்இடி பல்பு போட்டதும் கரகரவென்று ஓர் இரைச்சல் வந்தது. அது கியூஆர்எம், மனிதன் செய்தது. ஐப்பசி இடியில் படபடவென்று வெடித்தது கியூஆர்என், இயற்கை செய்தது. ஹைதராபாத்காரரின் குரல் கிணற்றுக்குள் போய்ப் போய் வந்தது கியூஎஸ்பி. ஒரு வாரத்தில் பட்டியல் முழுக்க ஒட்டிக்கொண்டது. மதியம் வெகுதூரத்து நிலையங்கள் மங்குவதும், பொழுது சாய்ந்ததும் எங்கிருந்தோ புரியாத மொழிகள் நுழைவதும், டி அடுக்கு பகலில் அலையை விழுங்கிக்கொண்டு இரவில் கரைந்துவிடுவதால்தான் என்று படித்தபோது, ஆமாம், அது தெரியுமே என்று தோன்றியது.

ஆல்ஃபா, பிராவோ உச்சரிப்புப் பட்டியலுக்குப் புத்தகமே வேண்டாம். பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டை மனசுக்குள் வாசித்துக்கொண்டு போனேன். டிஎன் 49 என்றால் டேங்கோ நவம்பர் ஃபோர் நைனர். ஒருமுறை மனசுக்குள் என்று நினைத்துக்கொண்டு வாய்விட்டே சொல்லிவிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்து "எங்க இறங்கணும்?" என்றார்.

இனி மோர்ஸ். என்னைக் கவிழ்த்த இடம்.

நான் செய்த முதல் தவறு, எல்லாரும் செய்வது. புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். பார்த்தால் தெரியும், கேட்டால் தெரியாது. சத்தம் காதில் விழும், அதை மனசுக்குள் புள்ளி கோடாக வரைவேன், அட்டவணையில் தேடுவேன், எழுத்து கிடைக்கும். அதற்குள் இன்னும் இரண்டு எழுத்து ஓடிவிடும். புள்ளியை டி என்றும் கோட்டை டா என்றும் வாயால் சொல்வது வழக்கம். எல் எழுத்து டி-டா-டி-டி, எஃப் எழுத்து டி-டி-டா-டி. அட்டவணையில் இரண்டும் நன்றாகத்தான் வித்தியாசமாகத் தெரிந்தன. காதில் இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டாவது தவறு, டம்ளரில் கரண்டியால் தட்டிப் பழகியது. தட்டினால் சத்தத்தின் தொடக்கம்தான் கேட்கும்; குறில் எது நெடில் எது என்று தெரியாது. மோர்ஸ் என்பது மாத்திரைக் கணக்கு. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இங்கே டி ஒன்று, டா மூன்று. எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. இந்த மௌனங்களை நான் மதிக்கவே இல்லை. ஈ (E) என்ற எழுத்து ஒரு டி, டீ (T) என்ற எழுத்து ஒரு டா. நடுவில் மூன்று விடாமல் அவசரப்பட்டால் இரண்டும் ஒட்டி ஏ (A) ஆகிவிடும். என் அனுப்பலை ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "நீங்க எழுத்து அனுப்பல தம்பி, இடியாப்பம் பிழியிறீங்க."

2019 கடைசியில் உழவன் எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க அரைத் தூக்கத்தில் எழும்பூர் போய் இறங்கி, தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. மோர்ஸ் கேட்கும் தேர்வு ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு 8 சொல், சொல்லுக்கு ஐந்து எழுத்து என்றால் இருநூறு எழுத்து. ஹெட்போனை மாட்டினேன். முதல் வரி சரியாக வந்தது. அப்புறம் ஓர் எழுத்து நழுவியது. எல் எழுத்தா, எஃப் எழுத்தா? அதை யோசித்தேன். யோசித்த இடத்தில் நான்கு எழுத்து போய்விட்டது. அந்த நான்கை நினைத்துக் கலங்கியதில் ஒரு சொல்லே போனது. பாதியிலேயே தெரிந்துவிட்டது. அனுப்பும் தேர்வுக்கு மேஜையில் இருந்த கீ, அதாவது மோர்ஸ் தட்டும் விசை, கனமானது, ஸ்பிரிங் விறைப்பு. நான் பழகியதோ ஆக்சா பிளேடு துண்டை மரக்கட்டையில் திருகிச் செய்தது, மெத்தென்று இறங்கும். கை நடுங்கியது. திரும்பி வரும்போது ரயிலின் தடக் தடக்கில்கூட ஏதோ எழுத்து கேட்பது மாதிரி இருந்தது, அதுவும் புரியவில்லை.

அடுத்து கொரோனா. ஊரடங்கில் அலுவலகம் மூடியிருந்த நாட்களில் அட்டவணையைச் சுவரில் இருந்து கிழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். ஜெர்மன்காரர் கோக் என்பவரின் பெயரில் வழங்கும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் இரண்டே எழுத்து, கே, எம். டா-டி-டா, டா-டா. எடுத்த எடுப்பிலேயே 18 சொல் வேகத்தில். எண்ண நேரமே இருக்காது, எண்ணக் கூடாது என்பதுதான் நோக்கம். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. அப்படியே ஒன்றொன்றாக. எழுத்து வேகமாக வந்தாலும் இடைவெளியை நீட்டி வைத்துக்கொள்ளலாம், எழுதிக்கொள்ள நேரம் கிடைக்கும். தினமும் காலையில் பதினைந்து நிமிடம், இரவு பதினைந்து நிமிடம். அதற்கு மேல் உட்கார்ந்தால் பிழைதான் கூடியது. பதின்மூன்றாவது எழுத்து வாக்கில் இரண்டு வாரம் அசையாமல் நின்றேன். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் விடாததற்குக் காரணம் வைராக்கியம் எல்லாம் இல்லை, வேறு வேலை இல்லை.

எல் எழுத்தையும் எஃப் எழுத்தையும் பிரித்துக் காட்டியது என் மனைவி. அவள் பரதம் கற்றவள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டே, "ரெண்டாவது அடியில அழுத்தம் வந்தா எல், மூணாவதுல வந்தா எஃப். இதுல என்ன குழப்பம்?" என்றாள். அவளுக்கு மோர்ஸ் தெரியாது. ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பழகிவிட்டது.

இந்த முறையில் ஒரு குழி இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. 18 வேகத்தில் பழகிய காது, தேர்வில் வரும் மெதுவான எழுத்தைக் கேட்டால் திணறும். 8 சொல் வேகத்தில் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் அனுப்பினால் ஒரு டி மட்டும் 150 மில்லிசெகண்ட், 18-ல் 67. சி என்ற எழுத்து வேகமாக வந்தால் ஒரே சொல், மெதுவாக வந்தால் நான்கு துண்டு. முதல் தடவை எனக்குத் தேர்வில் வந்தது அப்படி நீண்ட எழுத்துதான், நினைவிருந்தது. அதனால் கடைசி மூன்று வாரம் எழுத்தையே 8-க்கு இறக்கிப் பழகினேன். விட்ட எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடவும் தனியாகப் பயிற்சி எடுத்தேன். வேண்டுமென்றே மூன்று எழுத்தை விட்டுவிட்டு நான்காவதில் பிடிப்பேன். அனுப்பப் பழக மூன்று வேறு கீ, ஒன்று பெரியவருடைய பழைய தபால் தந்தி காலத்துப் பித்தளை. பெரிய எழுத்தில் எழுதுவதை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தில், பேனாவை எடுக்காமல் எழுதினேன். இதுவும் சின்ன விஷயம் இல்லை.

2022-ல் மறுபடியும் அதே உழவன், அதே எழும்பூர். இந்த முறை ஐந்து நிமிடத்தில் நான்கு கோடு விழுந்தது. எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. தேறிவிட்டேன்.

தேறினால் போதும், பேசலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்ச்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. உரிமத்துக்குத் தனி விண்ணப்பம், காவல்துறை விசாரணை, அதன்பிறகு காத்திருப்பு. ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்து "இது வாக்கி டாக்கியா?" என்று கேட்டதற்கு, மூச்சுவிடாமல் பத்து நிமிடம் விளக்கினேன். அவர் தேநீர் குடித்துவிட்டு, "வாக்கி டாக்கின்னு எழுதிக்கிறேன்" என்று சொன்னார். கெஞ்சி மாற்றச் சொன்னேன். இந்த மாதங்களில் ரிக், அதாவது பேசும் ரேடியோ, வாங்கப் பறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. நான் அப்போதுதான் மொட்டைமாடியில் கம்பி கட்டினேன். 7.1 மெகாஹெர்ட்சுக்கு அரை அலை டைபோல், அதாவது அலை நீளத்தில் பாதி அளவுள்ள கம்பி ஆன்டெனா, கிட்டத்தட்ட 20 மீட்டர். எங்கள் மாடி 11 மீட்டர். நடுவில் ஒரு மூங்கிலை நட்டு இரண்டு பக்கமும் கூரை மாதிரி சரித்து இறக்கினேன். தாழ்வாகக் கட்டிய கம்பி அலையை நேர் மேலே அனுப்பி, பக்கத்து மாவட்டங்களின் தலையில் கொட்டும். தஞ்சாவூரில் இருந்து திருத்துறைப்பூண்டிக்கு இதுதான் தோது என்று பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சரி, அங்க யாரு கேப்பா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நான்கு வருடம் படித்ததில் இதை யோசிக்கவே இல்லை. ஹாம் ரேடியோவில் அப்பாவின் போனுக்குப் பேச முடியாது. அங்கே ரேடியோவும் உரிமமும் உள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்தமானில் அவர்கள் இருந்தார்கள் என்று அவர் சொன்னது இதைத்தான்.

தங்கை மகள் திருத்துறைப்பூண்டியில்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், வயது 13. போன தீபாவளிக்குப் போனபோது 103 போட்ட ஆசிலேட்டரை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அட்டவணை எதுவும் கொடுக்கவில்லை. கே, எம் இரண்டையும் வாயால் பாடிக் காட்டினேன். பொங்கலுக்குப் போனால் எல்லும் எஃப்பும் அவளுக்கு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது, "இது ரெண்டும் ஒண்ணு மாதிரியா இருக்கு மாமா?" என்கிறாள். அவள் இன்னும் விண்ணப்பமே போடவில்லை, அதற்குள் வீட்டில் கம்பி கட்டுவது பற்றிச் சண்டை. கொல்லையில் கஜாவுக்குத் தப்பி நிற்பது ஒரே தென்னை. அவளுக்கு அதில்தான் ஒரு முனையைக் கட்ட வேண்டுமாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கம்பி கட்டிவிட்டால் தேங்காய் பறிக்கிறவன் எந்தப் பக்கமாக ஏறுவான் என்று கேட்கிறார்.